ஃபேனில் வெள்ளைத் தூசி

அத்தியாயம் 6

துப்பறியும் நிபுணர் வில்சன் எந்த இடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் ஜன்னலைத் தேடுவார். குற்றவாளி ஜன்னல் வழியாகத்தான் வருவான் என்பது அவருடைய இருபது வருட அனுபவம். அந்த இருபதில் பதினாறு வருடம், ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியின் கேட்டில் நின்று, வீட்டுக்குப் போகும் தொழிலாளிகளின் டிபன் பாக்ஸைத் திறந்து பார்ப்பதில் கழிந்திருந்தது. விசிட்டிங் கார்டில் அதற்கு மட்டும் இடம் போதவில்லை.

ஆம்பூரில் நயீம் அகமதுவின் கம்பெனியில் டிசைன் ரூமுக்கு ஜன்னலே இல்லை. ஒரு கதவு, ஒரு ஏ.சி., மேஜைமேல் ஒரு கம்ப்யூட்டர்.

“ஜன்னல் இல்ல,” என்றார் வில்சன், குரலைத் தாழ்த்தி. “ரொம்ப ஆழமா பிளான் பண்ணியிருக்காங்க.”

“பண்ணது கொத்தனாரு சார்,” என்றாள் பக்ருன்னிசா.

பக்ருன்னிசா அவருடைய உதவியாளர். பன்னிரண்டு வருடம் கட்டிங் செக்ஷனில் தோல் வெட்டியவள். கத்தியை அங்கேயே விட்டுவிட்டு வந்தாலும் அதன் கூர் நாக்கில் தங்கிவிட்டது. வில்சன் அவளுக்கு ‘துணை நிபுணர், தடயவியல் பிரிவு’ என்று பதவி கொடுத்திருந்தார். வீட்டில் கேட்டால், ‘டீ வாங்கிட்டு வர்ற வேல’ என்று சொல்வாள்.

நயீம் அகமது கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “மணி பத்து. நாலு மணிக்கு எங்க அசோசியேஷன் மீட்டிங் இருக்குது, வில்சன் சார். அதுக்குள்ள வேற ஆள் யார்னு தெரிஞ்சா சரி. இல்லன்னா நெல்வின் பேரை அங்க சொல்லிடுவேன். அப்புறம் வாணியம்பாடியிலேர்ந்து ராணிப்பேட்டை வரைக்கும் ஒரு கம்பெனியும் அவனை உள்ள விடாது.”

“கவலைப்படாதீங்க பாய். என்கிட்ட வந்துட்டீங்கல்ல?”

“உங்களப் பத்தி ரொம்ப நல்லவிதமா கேள்விப்பட்டேன். அதான் போலீஸுக்குப் போகல.”

வில்சனுக்குக் கழுத்து ஒரு அங்குலம் உயர்ந்தது. நேற்று போனிலும் பாய் இதையேதான் சொல்லியிருந்தார். இந்த ஒரு வாக்கியத்தை வில்சன் நேற்றிலிருந்து எட்டுப் பேரிடம் சொல்லியாகிவிட்டது. அதில் இருவர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள்.

விஷயம் இதுதான். ஷூவை வரைந்து, திரையிலேயே நாலு பக்கமும் திருப்பிக் காட்ட இந்தக் கம்ப்யூட்டரை போன டிசம்பரில் அசெம்பிள் செய்து வாங்கினார் பாய். உள்ளே ஒரு உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு. செய்துகொடுத்தவன் வேலூரில் கடை வைத்திருக்கும் ஜோவின். வில்சனின் அக்கா ஜெயபுஷ்பத்தின் ஒரே மகன். ‘பையன் தங்கம், நான் கேரண்டி’ என்று வில்சனே லெட்டர்ஹெட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். ஈஸ்டர் சமயத்தில் மெமரி கூட்டுவதற்காகப் பெட்டி ஜோவின் கடைக்குப் போய் வந்தது. அதிலிருந்து திரையில் கோளாறு. ஜோவின் மூன்று தடவை வந்து ஆம்பூர் கரண்ட் சரியில்லை, மானிட்டர் சரியில்லை, வைரஸ் என்று மூன்று காரணம் சொல்லிவிட்டுப் போனான். போன வாரம் வேறொரு மெக்கானிக் திறந்து பார்த்து, பில்லில் இருக்கிற கார்டு வேறு, உள்ளே இருப்பது ஏதோ பழசு என்று சொல்லிவிட்டான்.

“ஜோவினைக் கேட்டேன். ‘நான் ஒழுங்காத்தான் குடுத்தேன், ரூம் சாவி நெல்வின்கிட்டதான இருக்குது’ன்னான். நியாயம்தான? டிசைனர் அவன். சாவி அவன்கிட்ட.”

“சந்தேகமே வேணாம்,” என்றார் வில்சன். “ஜோவின் என் கையில வளர்ந்த பையன்.”

பக்ருன்னிசா அதற்குள் கம்ப்யூட்டரைப் போட்டிருந்தாள். திரை நன்றாகவே வந்தது. எழுத்து அடித்தாள், ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒரு லேடீஸ் ஷூவைத் திறந்து மவுஸால் திருப்பினாள். ஷூ பாதி சுற்று சுற்றியது. குதிகால் பச்சைப் புள்ளியாக உதிர்ந்தது. முன்பக்கம் கிழிந்த கோரைப்பாய் மாதிரி கோடு கோடாகப் பிரிந்தது. திரை கறுத்துப் போனது.

“ஷூவுக்கே தலை சுத்திடுச்சு,” என்றாள்.

கணக்கு செக்ஷனிலிருந்து ஒரு மானிட்டரைக் கொண்டுவந்து மாட்டினார்கள். அதிலும் அதே கோடு. கேபிளை மாற்றினார்கள். அதே கோடு. பக்ருன்னிசா ஸ்க்ரூவைக் கழற்றி கார்டை வெளியே எடுத்து, கைப்பையிலிருந்து பென்சில் ரப்பரை எடுத்தாள். கார்டின் அடியில் பல்வரிசை மாதிரி இருந்த பித்தளை நிறக் கோடுகளைத் தேய்த்தாள். தோல் ஷெட் காற்றுக்கு அது மாதம் ஒருமுறை கறுத்துவிடும்.

“இது எங்க கத்துக்கின?” என்றார் பாய் ஆச்சரியத்தோடு.

“எங்க ஆபீஸ் பெட்டிக்கும் நான்தான் தேய்ப்பேன். அதுலயும் இதே மாதிரி கோடுதான் வந்துச்சு. அப்புறம் ஜோவின் தம்பி வந்து...” என்றவள் ஏனோ நிறுத்திக்கொண்டாள்.

தேய்த்து மாட்டியும் ஷூ மறுபடி உதிர்ந்தது. ஆக, கோளாறு கார்டில்தான். அவள் அதை மீண்டும் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

“சார், பூதக்கண்ணாடி.”

வில்சன் கொடுத்தார். மான்கொம்புப் பிடி போட்ட கண்ணாடி. இத்தனை வருடத்தில் அது வேலைக்குப் பயன்பட்டது இதுதான் முதல் தடவை.

பெட்டிக்குள் எல்லாமே செர்ரிச் சிவப்பு. பக்கத்து ஷெட்டில் தோலை உரசி மழமழப்பாக்கும் பஃபிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வருடமாக ஒரே பார்ட்டிக்கு ஒரே கலர் ஆர்டர். அந்தத் தூசி ஊழியர்களின் மூக்குக்குள்ளேயே செர்ரியாக இருக்கும்போது கம்ப்யூட்டரை விட்டுவைக்குமா? ஆனால் கார்டின் நடுவில் இருந்த சின்ன ஃபேனில் செர்ரி லேசாக, மேலாகத்தான் படிந்திருந்தது. நகத்தால் சுரண்டினால் அடியில் கெட்டியாக வெள்ளை.

“சுண்ணாம்பு!” என்று கத்தினார் வில்சன். “தோல் ஊறப் போடற சுண்ணாம்புக் குழி! பாய், குழியில வேலை செய்யறவங்க லிஸ்ட் கொண்டாங்க. எல்லா ஜன்னலையும் சாத்துங்க!”

பாய் பாதி எழுந்தேவிட்டார். பக்ருன்னிசா அந்த வெள்ளையை எடுத்து, விரலில் எச்சில் தொட்டு உருட்டினாள்.

“சுண்ணாம்புன்னா இந்நேரம் விரல் எரியும் சார். இது உருண்டை பிடிக்குது. பரோட்டாவே போடலாம்.” உருண்டையை அவர் மூக்கருகே நீட்டினாள். “மைதா. உள்ள பாருங்க, செத்துப்போன எறும்பு. ஒண்ணு ரெண்டு இல்ல, ஒரு குடும்பமே. ஷூ கம்பெனி கார்டுல சர்க்கரை எறும்புக்கு இன்னா வேல?”

“ஆம்பூர்ல எத்தனை பேக்கரி?” என்றார் வில்சன் கம்பீரமாக. கம்பீரத்தின் ஓரத்தில் சின்னதாக ஏதோ பிசிறு தட்டியது.

“ஆம்பூர்ல எதுக்கு சார்? பெட்டி போனது வேலூருக்கு.”

அவள் அவரைப் பார்த்தாள். அவர் ஏ.சி.யைப் பார்த்தார்.

கேட்டில் நெல்வின் காலையிலிருந்து ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். உள்ளே விடவுமில்லை, போகச் சொல்லவுமில்லை. மடியில் திறக்காத டிபன் பாக்ஸ். வில்சன் பழக்க தோஷத்தில் அதைத் திறந்து பார்க்கக் கையை நீட்டி, பக்ருன்னிசா இருமியதும் இழுத்துக்கொண்டார்.

செக்யூரிட்டி வாஹித் பாஷா கேட் பாஸ் ரிஜிஸ்டரை எடுத்துக் கொடுத்தார். ஏப்ரல் பன்னிரண்டு: கம்ப்யூட்டர் பெட்டி ஒன்று, வெளியே. ஏப்ரல் பதினைந்து: கம்ப்யூட்டர் பெட்டி ஒன்று, உள்ளே. இரண்டிலும் நெல்வின் கையெழுத்து.

“ரிஜிஸ்டர் சுத்தம்,” என்றார் வில்சன், தொழில் மரியாதையோடு. “ஒண்ணு போச்சு, ஒண்ணு வந்துச்சு.”

“உள்ள இன்னா போச்சு, இன்னா வந்துச்சு?” என்றாள் பக்ருன்னிசா.

“அது கேட்டுக்குத் தேவையில்ல. எண்ணிக்கைதான். பதினாறு வருஷம் நான் பெட்டியை எண்ணித்தான்...” அவரும் பாதியில் நிறுத்திக்கொண்டார். இன்று எல்லோருக்கும் பாதியில் நிறுத்தும் நாளாக இருந்தது.

நெல்வின் எழுந்து நின்றான். “சார், ஜோவின் என் தோஸ்த். ஸ்கூல்லேர்ந்து ஒண்ணா படிச்சவங்க. அவன் ‘கையெழுத்து போடு, ரெண்டு நாள்ல தர்றேன்’னான், போட்டேன். இப்ப போன் பண்ணா எடுக்க மாட்டேங்கறான்.”

“முதல்ல இருந்த கார்டுக்கு ஏதாவது அடையாளம் இருக்காப்பா?” என்றாள் பக்ருன்னிசா.

“இருக்குது சார். வெட்டின தோலுக்குப் பின்னால ஜோடி மாறாம இருக்க சில்வர் பேனால நம்பர் போடுவோமே, அந்தப் பழக்கம். புது கார்டு வந்த அன்னிக்கு அது பின்னாலயும் ‘நெ 7’னு போட்டேன். இப்ப இருக்கற கார்டுல அது இல்லன்னு பாய்கிட்ட சொன்னேன். ‘நீயே மாத்திட்டு நீயே சொல்றியா’ன்னுட்டாரு.” அவன் டிபன் பாக்ஸின் கொக்கியைத் திறந்து திறந்து மூடினான். “நாலு மணிக்கு என் பேரைச் சொல்லிடுவாரா சார்?”

வில்சன் பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தார்.

பஸ்ஸில் வழக்கமாக அவர் பள்ளிகொண்டா வருவதற்குள் ஒரு சர்வதேசச் சதியாவது கண்டுபிடித்துவிடுவார். இன்று ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. பக்ருன்னிசாதான் கேட்டாள்.

“சார், நம்ம பெட்டியில கோடு வர்றது எப்ப நின்னுச்சு?”

“ஞாபகமில்ல.”

“எனக்கு இருக்குது. ஈஸ்டர் முடிஞ்ச செவ்வாக்கெழமை. ‘மாமாவுக்கு ஈஸ்டர் கிஃப்ட்’னு தம்பி வந்து அரை மணி நேரம் உக்காந்து சரி பண்ணிச்சு. நீங்க அன்னிக்கு சாயந்திரமே கார் ரேஸ் ஆடினீங்க.”

“கைரேகை ஆராய்ச்சி.”

“ஆமா. மூணாவது ரவுண்டுல கைரேகை மரத்துல மோதிடுச்சு.”

வில்சன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இந்தத் தடவை ஜன்னல் இருந்தது. உதவவில்லை.

‘வில்சன் துப்பறியும் பீரோ – ரகசியம் எங்கள் உயிர்மூச்சு’ என்ற போர்டு, வேலூரில் ஒரு பேக்கரியின் மாடியில், கீழே இருக்கும் பேக்கரி போர்டைவிடப் பெரிதாக இருந்தது. ஜன்னலுக்கு நேர் கீழே அடுப்பறை. மைதா மூட்டை பிரிக்கும்போதெல்லாம் மாடிக்கு ஒரு பங்கு வந்துவிடும். வில்சனின் கறுப்புக் கோட்டு எப்போதும் லேசாக வெளுத்திருக்கும். அதை அவர் அனுபவத்தின் நரை என்று சொல்லிவந்தார்.

மேஜைக்கு அடியில் இருந்த பெட்டியை பக்ருன்னிசா இழுத்தாள். நாலு ஸ்க்ரூ. மூடி கழன்றது.

உள்ளே எல்லாம் வெள்ளை. ஒயர் வெள்ளை, இரும்பு வெள்ளை, எறும்புகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. நடுவில் கிராபிக்ஸ் கார்டு. அதன் ஃபேனில் மேலாக மைதா. அவள் ஊதினாள்.

அடியில் செர்ரிச் சிவப்பு.

“யாரோ நமக்கு எதிரா சதி பண்ணி, நாம இல்லாத நேரமா வந்து...”

“ஜன்னல் வழியாவா சார்?” அவள் குரலில் நக்கல் இல்லை. கார்டைப் பிடுங்கித் திருப்பி அவர் கையில் வைத்தாள். பின்பக்கம் வெள்ளி எழுத்தில், பள்ளிக்கூடத்துப் பையன் கையெழுத்து மாதிரி குண்டு குண்டாக: நெ 7.

வில்சன் உட்கார்ந்தார். நாற்காலி தன்னுடையதுதானா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஞானஸ்நானத்தன்று ஜோவினைக் கையில் ஏந்தி நின்றவர் அவர். தண்ணீர் பட்டதும் குழந்தை வீரிட்டதும், அவர் கோட்டுப் பித்தானைப் பிடித்துக்கொண்டு அழுகையை நிறுத்தியதும் எதற்கோ இப்போது ஞாபகம் வந்தது.

போன் செய்தார். “ஜோவின், பெட்டியில மறுபடியும் கோடு வருது. வாடா.”

கடை இரண்டு தெரு தள்ளித்தான். பத்து நிமிடத்தில் விசிலடித்துக்கொண்டே படியேறி வந்த ஜோவின், மேஜைமேல் கார்டைப் பார்த்ததும் விசிலை விழுங்கினான். வாசலுக்கும் மேஜைக்கும் நடுவில் நின்றான்.

“பக்ருக்கா கண்டுபிடிச்சாங்களா?” என்றான்.

அந்தக் கேள்வியிலேயே ஒரு பதில் இருந்தது. வில்சன் அதை அப்போதைக்கு ஒதுக்கி வைத்தார்.

“ஏன்டா?”

“நீங்கதான மாமா கேட்டுக்கினே இருந்தீங்க? வீட்டுக்கு வந்தா கோடு வருது, சர்ச்சுல பார்த்தா கோடு வருது, அம்மாகிட்ட வேற ‘மாமாவுக்குன்னா மட்டும் பையனுக்கு மனசு வராது’ன்னு புகார். ‘பாய் ஆர்டரை நான்தான் வாங்கிக் குடுத்தேன்’னு தினம் ஒரு தடவை சொல்லிக் காட்டுவீங்க. ‘எங்கேர்ந்தாவது நல்லதா ஒண்ணு கொண்டாந்து மாட்டுடா’ன்னீங்க. கொண்டாந்து மாட்டினேன், உங்க பழசை பாய் பெட்டியில போட்டேன். எங்கேர்ந்துன்னு அன்னிக்கு கேட்டீங்களா?”

கேட்கவில்லைதான். கார் ரேஸில் இருந்தார்.

“சரி. அது என் மேல இருக்கட்டும். நெல்வின் இன்னாடா பண்ணான்?”

ஜோவின் தரையைப் பார்த்தான். “அந்த மெக்கானிக் திறப்பான்னு நான் எதிர்பார்க்கல. பாய் திடீர்னு கேட்டுட்டாரு. வாயில வந்தது நெல்வின் பேரு. அவன் கெட்டிக்காரன் மாமா, பெங்களூர் போய்ப் பொழைச்சுக்குவான்.” நிமிர்ந்தான். குரல் இறங்கி, குழைந்தது. “இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. இந்தக் கார்டைக் கோட்டை அகழியில போட்டுடலாம். யாருக்குத் தெரியும்? ‘ஆள் கிடைக்கல’ன்னு ஒரு ரிப்போர்ட் குடுங்க. உங்க பேரும் நிக்கும், அம்மாவும் அழ மாட்டாங்க.”

பக்ருன்னிசா வில்சனைப் பார்த்தாள். மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

“ஒண்ணு கேக்கறேன்,” என்றார் வில்சன். “பாய் போலீஸுக்குத்தான் போறதா இருந்தாரு. என்னைப் பத்தி ரொம்ப நல்லவிதமா யாரோ சொன்னாங்களாம். யாரு?”

ஜோவின் படிப்பக்கம் திரும்பினான்.

“நீயா?”

“...ஆமா மாமா.”

“இந்தக் கார்டு என் மேஜைக்கடியில இருக்கறது தெரிஞ்சே என்னைக் கூப்பிடச் சொல்லியிருக்க?”

“நீங்க கண்டுபிடிக்க மாட்டீங்கன்னுதான் மாமா.”

அவன் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. கரண்ட் கட்டணத்தைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னான். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. நேற்றிலிருந்து எட்டுப் பேரிடம் சொன்ன வாக்கியம் இப்போது வில்சனிடமே திரும்பி வந்தது. இந்த ஊரில் அவர் எவ்வளவு பெரிய முட்டாள் என்பதை அளந்து, அதன் மேல் தன் வாழ்க்கையையே தைரியமாக வைத்தவன் அவர் வளர்த்த பிள்ளை. ஒரு விதத்தில் இதைவிட முழுமையாக அவரை யாரும் நம்பியதில்லை.

வழக்கமாக இந்த இடத்தில் பக்ருன்னிசா ஏதாவது சொல்வாள். இன்று கைக்குட்டையை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினாள். வில்சன் அதை வாங்கி, கண்ணுக்குக் கொண்டுபோகாமல், கார்டைச் சுற்றினார்.

“மணி இன்னா?”

“ஒண்ணே கால்.”

“மாமா,” என்றான் ஜோவின். “அம்மாவை நினைச்சுப் பாருங்க.”

“நினைச்சேன். நெல்வின் மாதிரி அவ பிள்ளை கேட்டுல ஸ்டூல் மேல உக்காந்திருந்தா அவ இன்னா சொல்வாளோ அதைத்தான் செய்யப்போறேன். வழி விடு.”

ஜோவின் வழி விட்டான். படியிறங்கும்போது, சின்னப் பிள்ளையில் பிடித்த மாதிரி, மாமாவின் கோட்டை லேசாகப் பிடித்தான். வில்சன் திரும்பிப் பார்க்காமல் பித்தானை அவிழ்த்து, கோட்டையே கழற்றி, படியில் வைத்துவிட்டு இறங்கினார்.

மாதனூர் பக்கம் லாரி ஒன்று குறுக்கே நின்று பஸ் அரை மணி நேரம் நகரவில்லை. கேட்டுக்கு வந்தபோது மூன்று ஐம்பது. நயீம் அகமதுவின் கார் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. நெல்வின் இன்னும் அதே ஸ்டூலில். டிபன் பாக்ஸ் இன்னும் திறக்கப்படவில்லை.

காரை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு வில்சன் நேராக உள்ளே போகப் பார்த்தார். வாஹித் பாஷா மறித்தார்.

“சார், கையில ஏதோ சாமான் இருக்குது. உள்ள போறதுன்னா என்ட்ரி போடணும். இன்னான்னு எழுதட்டும்? ‘பொட்டலம் ஒண்ணு’?”

“குடுங்க. நான் எழுதறேன்.”

பாய் காரைவிட்டு இறங்கி அருகில் வந்து நின்றார். நெல்வினும் எழுந்து வந்தான். வில்சன் பேனாவைத் திறந்தார். பதினாறு வருடம் இதே கட்டங்களை நிரப்பியவர். எண்ணிக்கையை மட்டும் எழுதி, உள்ளே என்ன என்று ஒருநாளும் எழுதாதவர்.

சாமான்: கிராபிக்ஸ் கார்டு, பின்பக்கம் ‘நெ 7’.

எங்கிருந்து: என் கம்ப்யூட்டர்.

எடுத்தவன்: ஜோவின்.

கடைசிக் கட்டத்தில் பேனா நின்றது. ‘கொண்டுவந்தவர், பெயர், பதவி’ என்று கேட்டது ரிஜிஸ்டர். பக்ருன்னிசா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். துப்பறியும் நிபுணர் என்று எழுத அதில் தாராளமாக இடம் இருந்தது.

அவர் ‘வில்சன், ஜோவினின் தாய்மாமன்’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, ரிஜிஸ்டரை நயீம் அகமதுவின் பக்கம் திருப்பினார்.

பாய் படித்தார். மறுபடி படித்தார். பிறகு டிரைவரிடம் இஞ்சினை அணைக்கச் சொன்னார்.

நெல்வின் கைக்குட்டையைப் பிரித்து வெள்ளி எழுத்தை ஒருமுறை விரலால் தடவினான். அப்புறம் ஸ்டூலுக்குப் போய் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தான். காலையில் போட்ட எலுமிச்சை சாதம். வாஹித் பாஷா எட்டிப் பார்க்கவில்லை.